அருமையான முயற்சி

கட்கி, புனே
23.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வல்லி எழுதுவது. நான் நலம். உங்கள் காதும் அண்ணியின் முட்டியும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். போனில் கேட்டுப் பயனில்லை. நீங்கள் 'என்னது' என்பதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. போன ஞாயிறு ஹடப்சரிலிருந்து ராம்கி வந்திருந்தான். "அம்மா, இந்தியாவுலயே நீயும் மாமாவும்தான் கடைசியா லெட்டர் போடறவங்க" என்று சிரித்தான். முப்பத்தெட்டு வருடம் தபால் துறையில் இருந்தவர் அந்தத் துறையை நடுத்தெருவில் விட்டுவிட முடியாது என்று சொன்னேன்.

வழக்கம்போல உங்கள் சென்ற கடிதத்தைத் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். மூன்று சிவப்புக் குறிகள்.

பள்ளிச் செய்தி ஒன்று உண்டு. பிரின்சிபால் ஷீலா மேடம் குருமித்ரா என்று ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார். பிள்ளைகள் எழுதும் இங்கிலீஷ் கட்டுரையைப் படித்து எட்டு விநாடியில் கருத்துச் சொல்கிறது. எனக்கு ஒரு கட்டுரைக்கு ஒன்பது நிமிடம் ஆகும். முப்பத்தொரு வருடமாக அதே ஒன்பது நிமிடம்தான். முன்னேற்றமே இல்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஹிந்தி டீச்சர் மும்தாஜ், "அரே வல்லி, இது ஹிந்திக்கு எப்போ வரும்னு கேளு. ஷாம்கோ ஸ்கூல் விட்டதும் நானும் மனுஷி மாதிரி உக்காந்து சாய் குடிப்பேன்" என்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பில் 'ஏ' பிரிவின் முப்பது பேருக்கு மிஷின் கருத்துச் சொல்லும். 'பி' பிரிவின் முப்பது பேருக்கு நான். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு பிள்ளைகளிடமே கேட்டு யார் மேல் என்று முடிவு செய்வார்கள். என் கருத்துகள் மனதைப் புண்படுத்துவதாக ஒரு தகப்பனார் புகார் எழுதியிருந்தாராம். 'இது நடக்கவில்லை. நடந்ததை எழுது' என்று நான் பிள்ளைகளின் நோட்டில் எழுதுவது உங்களுக்குத் தெரியும். மிஷின் ஒரு குறை சொல்வதற்கு முன் மூன்று பாராட்டு வைக்குமாம்.

மார்ச்சில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. இரண்டு வருட நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மிஷின் ஜெயித்தால் நீட்டிப்பு கிடைக்காது. அப்புறம் ஹடப்சரில் ராம்கியின் பதினோராவது மாடியில் உட்கார்ந்து கீழே போகும் ஸ்கூட்டர்களைப் பார்க்க வேண்டியதுதான்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
ஆனந்தவல்லி


குடியாத்தம்
5.7.2024

அன்புத் தங்கை வல்லிக்கு,

சுந்தரமூர்த்தியின் ஆசிகள். நான் சௌக்கியம். வலது காது ஓய்வு பெற்றுவிட்டது. இடது காது நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணியின் முட்டி, மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது.

உன் கடிதம் திருத்தப்பட்டு இத்துடன் வருகிறது. ஒன்பது குறிகள். 'இது நடக்கவில்லை. நடந்ததை எழுது' என்ற வாக்கியத்தை உன்னுடையதுபோல் எழுதியிருக்கிறாய். அது என்னுடையது. 1983-ல் நான் வேலை கிடைத்து இங்கே வந்தபின் நீ எழுதிய முதல் கடிதத்தில், 'நீங்கள் போனதில் எனக்கு ஒன்றும் இல்லை, ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது' என்று எழுதியிருந்தாய். அதே கடிதத்தில் மண்டைக்குப் போய் பாஜி வாங்கியதாகவும் இருந்தது. மராத்தியில் மண்டை என்றால் மார்க்கெட், பாஜி என்றால் காய்கறி என்று இங்கே போஸ்ட் மாஸ்டருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. பதினெட்டு இடத்தில் சிவப்பு மையால் திருத்தி, கட்டில் விஷயத்துக்குப் பக்கத்தில் அந்த வாக்கியத்தை எழுதித் திருப்பி அனுப்பினேன். நீ கோபித்துக்கொண்டு என் கடிதத்தை இருபது இடத்தில் திருத்தி அனுப்பினாய். நாற்பத்தொரு வருடமாக அது நிற்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் முத்திரை குத்தும் மிஷின் வந்தபோது எங்களுக்கும் பயம்தான். அது ஒரு மணி நேரத்தில் நாங்கள் ஒரு நாளில் குத்துவதைக் குத்தியது. சில சமயம் முகவரியின் மேலேயே குத்தியது. வேகத்தைப் பாராட்டி அதற்கு மாலை போட்டார்கள்.

இரண்டு சந்தேகங்கள். என் கடிதத்தில் நீ வழக்கமாகப் பதினொரு குறிக்குக் குறையாமல் போடுவாய். இந்த முறை மூன்றுதான். இந்த வயதில் என் நடை திருந்தியிருக்க வாய்ப்பில்லை. இரண்டாவது, உன் எழுத்து பெரிதாகியிருக்கிறது. பக்கத்துக்கு இருபத்தாறு வரி எழுதுவாய், இப்போது பதினான்கு. காகிதம் மலிந்துவிட்டதா?

அன்புடன்,
சுந்தரமூர்த்தி


கட்கி
11.8.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஜூலை முழுக்க மழை. பேனா புதிது, அதனால் எழுத்து பெரிதாக விழுகிறது. உங்கள் ஜூலைக் கடிதம் பத்திரமாக இருக்கிறது. திருத்தி அடுத்ததில் வைக்கிறேன்.

குருமித்ராவைப் பற்றிப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவைத்தேன். 'ஏ' பிரிவில் தினேஷ் என்று ஒருவன், ஹடப்சருக்கு பஸ்ஸில் போனதைக் கட்டுரையாக எழுதினான். 'அருமையான முயற்சி. வாசனை, ஒலி போன்ற புலனுணர்வு விவரங்களைச் சேர்க்கலாம்' என்று மிஷின் சொன்னது. பஸ்ஸில் அடித்த நாற்றத்தைச் சேர்த்தான். 'சிறப்பு' என்றது. இன்னும் சேர்த்தான். 'மிகச் சிறப்பு' என்றது. இப்போது கட்டுரையில் ஹடப்சரே இல்லை. நாற்றம் மட்டும் இரண்டு பக்கம். "மிஷின் திட்டாது மேடம், அதான் புடிச்சிருக்கு" என்கிறான்.

இன்னொருத்தி வெறும் பெயரை மட்டும் எழுதி அனுப்பிப் பார்த்தாளாம். 'அருமையான முயற்சி. கருத்தை இன்னும் விரிவாக்கலாம்' என்று வந்தது. பெயரை எப்படி விரிவாக்குவது என்று என்னிடம் கேட்டாள். கல்யாணம் ஆனால் தானாக நடக்கும் என்றேன்.

என் 'பி' பிரிவில் கீர்த்தி என்று ஒரு பெண். அவள் அப்பா, நம் அப்பா வேலை பார்த்த அதே வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருக்கிறார். அவர்கள் குடும்பம் திருவண்ணாமலைப் பக்கம். பேசுவது பாதி தமிழ், பாதி ஹிந்தி. நோட்டைக் கொடுக்கும்போதெல்லாம் ஏதோ எதிர்பார்ப்பதுபோல் நிற்கிறாள். வாங்கிப் படித்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போகிறாள்.

இப்போதெல்லாம் நோட்டுகளை மறுநாள் காலையே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஷீலா மேடம் வியந்துபோயிருக்கிறார்.

உங்கள்,
வல்லி


குடியாத்தம்
25.8.2024

அன்பு வல்லிக்கு,

ஆசிகள். இங்கே எல்லாம் கிரமப்படி. உடம்பைப் பற்றி நீ ஒரு வார்த்தையில் எழுதியிருக்கிறாய். 'நலம்' என்பது தந்தி பாஷை. கடிதத்தில் விரிவாக எழுதலாம், கூடுதல் கட்டணம் இல்லை.

மழை என்று எழுதியதும் நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் நினைவுக்கு வந்தது. 1983 பிப்ரவரி. நம் குவார்ட்டர்ஸ் பதினான்காம் நம்பர் வீட்டிலிருந்து இரண்டு ரிக்‌ஷாவில் புனே ஸ்டேஷனுக்குப் போனோம். நல்ல மழை. நீ சிவப்புக் குடை பிடித்திருந்தாய். அப்பா தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மா எலுமிச்சம் சோறு கட்டிக் கொடுத்தாள். பாவம், அவளுக்கு மராத்தி ஒரு சொல்லும் தெரியாததால் போர்ட்டரிடம் பேச முடியாமல் திண்டாடினாள்.

காலை பதினொரு மணிச் சங்கு தொழிற்சாலையில் ஊதினால் கட்கி முழுக்கக் கேட்கும். புனே ஸ்டேஷனில் கேட்காது. ஆனாலும் வண்டி கிளம்பியபோது கேட்டதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை ஊரில் எத்தனை சங்கு கேட்டிருப்பேன்; அதெல்லாம் வெறும் சத்தம். இப்போது காது போனபின் அந்த ஒரு சங்கு மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

வண்டி நகர்ந்தது. நான் கதவோரம் நின்றேன். நீ ஸ்கூல் யூனிஃபார்மில் பிளாட்பாரத்தின் கடைசி வரை கையசைத்துக்கொண்டே நின்றாய். கண்ணில் ஒரு துளி இல்லை. ஜன்னலோரக் கட்டில் கிடைக்கிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் ஜூலைக் கடிதத்தையும் இதையும் சேர்த்துத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
சுந்தரமூர்த்தி


கட்கி
6.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அண்ணியின் முட்டிக்கு இங்கே ஒரு தைலம் சொன்னார்கள். ராம்கியின் மனைவி வைஷுவிடம் வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன். மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பழைய நாட்கள் எனக்கும் நினைவுக்கு வந்தன.

நவம்பரில் கருத்துக் கேட்கப் போகிறார்கள். 'பி' பிரிவுப் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருப்பதாக ஷீலா மேடம் சொன்னார். "இந்த வருஷம் உங்க கமென்ட்ஸ்ல ஒரு கனிவு வந்திருக்கு மேடம்" என்றார். வயது என்றேன்.

உங்கள்,
வல்லி


குடியாத்தம்
15.10.2024

வல்லி,

எல்லாரும் சௌக்கியம். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி விஷயம்.

என் கடிதத்தின் மேல் சிவப்பு மையில் இப்படி இருக்கிறது: 'அருமையான முயற்சி. நினைவுகளைக் கோவையாகச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாம் பத்தியில் புலனுணர்வு விவரங்களைச் சேர்த்தால் இன்னும் உயிர்ப்பாக இருக்கும்.'

நாற்பத்தொரு வருடத்தில் நீ என்னைப் பாராட்டியது இதுவே முதல் முறை.

உன்னைச் சோதிக்கத்தான் அந்தக் கடிதத்தில் ஐந்து பொய் எழுதினேன். நம் வீட்டு நம்பர் நாற்பத்தொன்று. பிப்ரவரியில் புனேயில் மழை இல்லை, குடையும் இல்லை. அப்பாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அவர் ஸ்டேஷனுக்கு வரவேயில்லை. அம்மா கட்டிக் கொடுத்தது ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடி. அம்மாவுக்கு மராத்தி தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் பழைய வல்லி குடியாத்தத்துக்கே வண்டி ஏறி வந்திருப்பாள். கீரை விற்கிறவளை அழவைத்த மராத்தி அது.

நீ என் கடிதத்தைப் படிக்கவில்லை. கையெழுத்து உன்னுடையது, சொல் உன்னுடையது இல்லை. என்ன நடக்கிறது? நடந்ததை எழுது.

சுந்தரமூர்த்தி


கட்கி
8.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமில்லை. அதனால்தான் எட்டு வாரம். உங்கள் அக்டோபர் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அக்கா படித்துச் சொன்னார்.

மே மாதமே தெரியும். வலது கண்ணில் பார்க்கும் இடத்தின் நடுவில் ஒரு அழுக்கு. துடைத்தால் போகாத அழுக்கு. இப்போது இடது கண்ணிலும் வந்துவிட்டது. புனே கேம்ப் பகுதியில் ஒரு டாக்டர் மாதம் ஒரு ஊசி போடுகிறார். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்கிறார். ஓரங்கள் நன்றாகத் தெரிகின்றன. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் இல்லை. ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் இரண்டு காதும் ரிப்பனும் தெரியும். எழுத முடிகிறது, ஸ்கேல் வைத்து எழுதுகிறேன், கைக்குப் பழக்கம் இருக்கிறது. எழுதியதைப் படிக்கத்தான் முடியாது.

ராம்கியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றே ஹடப்சர். பள்ளியில் சொன்னால் அன்றே ஓய்வு.

நோட்டுகளை போனில் படம் எடுத்தால் குருமித்ரா உரக்கப் படித்துக் காட்டும். அதைக் கேட்டு என் கருத்தை எழுதலாம் என்றுதான் ஜூனில் ஆரம்பித்தேன். முப்பது பிள்ளைகளையும் அது ஒரே குரலில், ரயில் வரும் நேரம் சொல்வதுபோல் படிக்கிறது. ஐந்தாவது நோட்டுக்கு மேல் யார் எது எழுதினார்கள் என்று தெரியவில்லை. ஆறாவது நோட்டில் களைத்துப்போய் அது சொன்ன கருத்தையே எழுதினேன். ஜூலை முடிவதற்குள் முதல் நோட்டிலிருந்தே அப்படித்தான் எழுதினேன். காதில் இயர்போன், கையில் சிவப்புப் பேனா. மும்தாஜ்கூட நான் பாட்டுக் கேட்பதாக நினைத்தாள்.

உங்கள் கடிதத்தையும் அதனிடம் காட்டினேன். படித்துச் சொல் என்றேன். தமிழை அது உரக்கப் படிக்காது, இங்கிலீஷில் சுருக்கம் மட்டும் சொல்லும். 'ஒரு சகோதரர் 1983-ல் தன் ஊரை விட்டுப் புறப்பட்டதை நினைவுகூர்கிறார். குடும்பத்தினர் வழியனுப்புகிறார்கள். நெகிழ்ச்சியான பதிவு' என்றது. நான்கு பக்கம் மூன்று வரியாகிவிட்டது. அந்த மூன்று வரியில் பிழை எதுவும் இல்லை அண்ணா. எதைத் திருத்துவேன்?

இனி சிரிக்க வேண்டிய பகுதி. நவம்பரில் கருத்துக் கேட்டார்கள். 'பி' பிரிவில் முப்பது பேரில் இருபத்தேழு பேருக்கு ஆசிரியர் கருத்து மிகவும் பிடித்திருக்கிறது. 'ஏ' பிரிவில் மிஷின் கருத்துப் பிடித்தவர்கள் பதினொரு பேர். 'மிஷின் பொதுவாகப் பேசுகிறது, மேடம் என் மனதுக்குள் பார்த்து எழுதுகிறார்' என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியங்கள்.

நான் ஜெயித்துவிட்டேன். நீட்டிப்புக்கு ஷீலா மேடம் பரிந்துரை எழுதிவிட்டார். எங்கள் பள்ளியை நடத்தும் டிரஸ்டின் நான்கு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஜனவரியில் நான் 'மனிதக் கையின் தொடுகை' பற்றிப் பேச வேண்டும். ஜெயித்ததால் மென்பொருளை வருடக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். அது நின்றால் எனக்கு ஒரு வரி தெரியாது. தோற்றிருந்தால் ஓய்வு; ஜெயித்ததால் இரண்டு வருடம் குருடியாக நோட்டுத் திருத்த வேண்டும்.

அண்ணியிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

வல்லி


குடியாத்தம்
16.12.2024

அன்பு வல்லிக்கு,

நாங்கள் நலம். அண்ணியிடம் மெதுவாகத்தான் சொன்னேன்; அவள் வேகமாக அழுதாள்.

எழுத்து பெரிதாக இருப்பதற்குக் காரணம் பேனா. பார்சல்மேல் முகவரி எழுதும் பேனா. பக்கத்துக்கு மூன்று, நான்கு வார்த்தை போட்டதில் இந்தக் கடிதம் முப்பத்தொரு பக்கம் வந்திருக்கிறது. ஓரக்கண்ணால் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துப் பார். தெரியாவிட்டால் யாரிடமாவது கொடு. மிஷினிடம் கொடுக்காதே; முப்பத்தொரு பக்கமும் மூன்று வரியாகிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் 'அருமையான முயற்சி'யைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தேன். அண்ணியிடம் இரண்டு முறை காட்டினேன். மறுநாள்தான் சந்தேகம் வந்தது. ஆகவே உன் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த மறுநாள் இருக்கிறதே, அதில் எனக்குத் தங்கை இல்லாததுபோல் இருந்தது.

மேடையில் என்ன பேசுவது என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் ஆகஸ்ட் கடிதம் சரியாகத் திருத்தப்படாமல் வந்தது. அதை உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவசரமில்லை.

சுந்தரமூர்த்தி


கட்கி
26.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு நலம், கண் அப்படியே. அண்ணியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஜெபமணி அக்கா உங்கள் முப்பத்தொரு பக்கத்தையும் படித்துக் காட்டினார். அவர் தமிழ் படிப்பது பைபிள் ஒன்றைத்தான். அதனால் எதைப் படித்தாலும் அந்த ராகத்தில் வருகிறது. 'அவள் வேகமாக அழுதாள்' என்றபோது எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு கீர்த்தி என்னைப் பார்க்க வந்தாள். வகுப்பில் யாரும் இல்லை.

"மேடம், ஸச் சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. எங்களுக்கு ஆகஸ்ட்லயே மாலும்."

"என்ன தெரியும்?"

"நானும் 'ஏ' தினேஷும் ஒரே எஸ்ஸே எழுதிக் கொடுத்தோம். அவனுக்கு டேப்லெட்ல வந்ததும் எனக்கு நீங்க எழுதினதும் ஸேம் டு ஸேம். க்ளாஸ் முழுக்கக் காட்டினோம்."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் எனக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"டேப்லெட்ல வந்தா, நான் கேம் ஆடறேன்னு அம்மா நெனைக்கறாங்க மேடம். செவப்பு இங்க்ல இருந்தா படிக்கறேன்னு நம்பறாங்க." வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "நீங்க எம்பேரு எழுதறீங்க. அது எல்லாரையும் 'அன்புள்ள மாணவரே'ங்குது."

மனிதக் கையின் தொடுகை பற்றி இதைவிட நன்றாக நான் பேசியிருக்க முடியாது.

பிறகு சொன்னாள்: "எங்கக்கா உங்ககிட்டப் படிச்சப்போ அவ நோட்ல 'இது நடக்கவில்லை'ன்னு எழுதுவீங்களாமே. எனக்கு ஒரு வாட்டிகூட எழுதல. அதுக்காகவே கட்கியில கடல் இருக்குன்னு எழுதினேன். தினமும் சாயங்காலம் அப்பாகூடக் கடற்கரையில நடக்கறேன்னு. நீங்க 'காட்சி கண்முன் விரிகிறது, அலைகளின் ஒலியையும் சேர்க்கலாம்'னு எழுதிட்டீங்க."

நோட்டை நீட்டும்போது அவள் எதற்காக நின்றாள் என்று அப்போதுதான் புரிந்தது. நீங்களும் ஒரு பதினாலு வயதுப் பெண்ணும் ஒரே வேலையைச் செய்திருக்கிறீர்கள்.

கூட்டத்தில் இரண்டு நிமிடம்தான் பேசினேன். என் கண்ணைப் பற்றி ஒரு நிமிடம், சிவப்பு மையைப் பற்றி ஒரு நிமிடம். நீட்டிப்பு வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ராம்கி அன்று மாலையே காரோடு வந்துவிட்டான். மார்ச் முடியட்டும் என்று அனுப்பிவைத்தேன்.

மார்ச் வரை பிள்ளைகள் என் எதிரில் உட்கார்ந்து தங்கள் கட்டுரையைத் தாங்களே படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவரவர் குரல். ஒரு கட்டுரைக்குப் பதினான்கு நிமிடம் ஆகிறது; என் வேகம் இன்னும் குறைந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லும் இடத்தில் பிள்ளைகள் வேகமாகப் படிக்கிறார்கள். காகிதத்தில் அது எனக்குத் தெரிந்ததே இல்லை. முதலில் கீர்த்தியைக் கடல் கட்டுரையைப் படிக்கச் சொன்னேன்.

"இது நடக்கலை கீர்த்தி. நடந்ததை எழுது" என்றேன்.

சிரித்திருக்க வேண்டும், ஓரத்தில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா கடல் பாக்க அலிபாக் கூட்டிட்டுப் போறேன்னு மூணு வருஷமா சொல்றாரு மேடம். ஓவர்டைம் வந்துடுது. அத எழுத கஷ்டமா இருந்துச்சு. கடல் ஈஸியா வந்துச்சு."

உங்கள் கடிதம் தனியாக வரும்.

வல்லி


குடியாத்தம்
5.2.2025

அன்பு வல்லிக்கு,

இருவரும் நலம். தைலத்துக்கு முட்டி கட்டுப்படுகிறது, அண்ணி கட்டுப்படவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

பள்ளியில் மென்பொருளை என்ன செய்தார்கள்? பொதுத் துறையில் இருந்தவன் என்பதால் இதில் எனக்கு ஒரு அக்கறை.

சுந்தரமூர்த்தி


கட்கி
9.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். ஊசியால் இடது கண் நிலைத்திருக்கிறது. அண்ணி வந்தால் காதும் தோடும் நன்றாகத் தெரியும் என்று சொல்லுங்கள்.

மென்பொருள் தொடர்கிறது. மிஷினின் கருத்தைக் கையால் எழுதிக் கொடுத்தால் முப்பதுக்கு இருபத்தேழு பேருக்குப் பிடிக்கிறது என்பது ஆய்வில் உறுதியாகிவிட்டதாம். ஆகவே ஜூன் முதல் எல்லா ஆசிரியர்களும் குருமித்ரா சொல்வதைச் சிவப்பு மையில் தங்கள் கையால் பிரதி எடுக்க வேண்டும். ஹிந்திக்கும் வந்துவிட்டது. "அரே, உன்னால என் சாய் போச்சு வல்லி. முன்னே கரெக்‌ஷன் மட்டும்தான். இப்போ காப்பி வேற அடிக்கணும்" என்று மும்தாஜ் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை ஜெபமணி அக்கா இரண்டு முறை படித்தார். திருத்தி வைத்திருக்கிறேன். கோடு கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன ஐந்து பொய்க்கும் சிவப்புக் குறி போட்டாயிற்று. கிச்சடியில் அம்மா வேர்க்கடலை குறைவாகப் போட்டிருந்தாள், அதையும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆறாவது பிழை ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் உங்கள் பட்டியலில் சொல்லவில்லை. அக்கா அந்த வரியைப் படித்ததும் நிறுத்தச் சொன்னேன். நான் பிளாட்பாரத்தின் கடைசி வரை கையசைத்துக்கொண்டே நின்றதாக எழுதியிருக்கிறீர்கள்.

நான் கையசைக்கவில்லை அண்ணா. மணி அடித்ததுமே ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அழுதது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். வண்டி போனதை நான் பார்க்கவேயில்லை. யூனிஃபார்மில் கையசைத்த பெண் வேறு யாரோ. அன்று பிளாட்பாரத்தில் ஒரு ஸ்கூலே நின்றிருந்தது.

இது நடக்கவில்லை. நடந்ததை எழுதுங்கள்.

வல்லி


குடியாத்தம்
17.3.2025

அன்பு வல்லிக்கு,

நலம் விசாரிப்புகளை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

ஆறாவது திருத்தம் சரி. நாற்பத்திரண்டு வருடமாக யாரோ ஒருத்தியின் கையை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் யாரை வழியனுப்ப வந்தாளோ, அவன் பாவம் அவளைக் கவனித்தானோ இல்லையோ.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை அண்ணியோடு புனேயில் வந்து இறங்குகிறேன். உன்னை ஹடப்சருக்குக் குடிவைத்துவிட்டுத்தான் திரும்புவோம். பதினோராவது மாடிக்குத் தபால்காரர் வருவாரா, கீழே பெட்டியில் போட்டுவிட்டுப் போவாரா என்று ராம்கியை விசாரிக்கச் சொல். எனக்கு அது முக்கியம்.

ஸ்டேஷனில் உனக்கு என் முகம் தெரியாது, நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. ஆகவே நீ தேட வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன். முதலில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால்தான் பார்ப்பேன்.

உன் அண்ணன்,
சுந்தரமூர்த்தி